பழகிவிட்டான் என்ற சொல்

அன்புள்ள ஐயா,

இரண்டரை வயது மகனை மழலையர் பள்ளியில் சேர்த்தோம். மூன்று நாள் ஓயாமல் அழுதவன் நான்காம் நாள் அடங்கிவிட்டான். 'பழகிவிட்டான், இனிக் கவலையில்லை' என்கிறார்கள். இவனைச் சுமந்தபோது நான் மிகுந்த கவலையில் இருந்தேன்; இவனுடைய கூச்சத்துக்கு அதுதான் காரணமா? பதின்மூன்று வயது மகள் எப்போதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளிடம் எப்படி நடந்துகொள்வது?

க.

அன்புள்ள க.,

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிவதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். கருவில் உங்கள் மகனும் உங்கள் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தான். ஆனால் அவனுடைய கூச்சத்துக்கு உங்கள் கவலைதான் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் குற்றவுணர்வை இன்றே விட்டுவிடுங்கள். மகள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். தட்டிவிட்டு உள்ளே போங்கள், போதும்.

'பழகிவிட்டான்' என்ற சொல்லைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. நான்கு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு ஒரு மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தேன். அம்மாவை உள்ளே விடமாட்டார்கள். முதலில் கத்தினேன், பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன், கடைசியில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் செவிலியரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். சமத்துப் பிள்ளை என்றார்கள். அழைத்துப்போக வந்த அம்மா கையை நீட்டியபோது நான் சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். 'பெத்த பிள்ளை என்னை மறந்துட்டானே' என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையேதான் லண்டனில், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் கண்டார். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டபோது, அவர்களில் பலர் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல் என்று மூன்று நிலைகளை அவர் பிரித்துச் சொன்னார். மருத்துவமனைகள் தேறுதல் என்று எண்ணியது அந்த மூன்றாவது நிலையை. பெற்றோரைத் தடையின்றிப் பார்க்க விடவேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு பரிந்துரைக்க 1959 ஆயிற்று.

உங்கள் மகன் மாலையில் வீடு திரும்புகிறான். என் நிலை வேறு, அவன் நிலை வேறு. அவன் உண்மையிலேயே பழகியிருக்கலாம். ஆனால் அதைப் பள்ளிக்காரர்கள் சொல்லி நீங்கள் ஏன் அறியவேண்டும்? அழுகை நின்றது என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, அங்கே அவன் விளையாடுகிறானா, ஒரு டீச்சரையாவது தேடிப் போகிறானா என்று எழுதத் தோன்றவில்லையே அம்மா! மாலையில் உங்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதால் அஞ்சாதீர்கள், நாள் முழுதும் அடக்கிவைத்ததை உங்களிடம்தான் கொட்டமுடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களைப் பார்த்தும் பாராததுபோல் நாள்தோறும் நின்றானென்றால், ஒரு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு அந்த வகுப்பறையின் மூலையில் போய் உட்காருங்கள். அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லும் பள்ளி உங்களுக்கு வேண்டாம்.