வேர்வைக்குப் பயந்து நடையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 157 சென்ரிமீற்றர். இரண்டு மாதமாகப் பின்னேரங்களில் உப்புவெளிக் கடற்கரையில் நடக்கிறேன். 85 கிலோவாக இருந்த நிறை 82க்கு வந்திருக்கிறது. ஆனால் கழுத்தைச் சுற்றியுள்ள கறுப்பு, தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மார்புக்குக் கீழும் தொடையிடுக்கிலும் சிவந்து கடிக்கிறது. "வேர்க்க வேர்க்க நடக்கிறதாலதான்" என்கிறார் மாமி. நடையை நிறுத்தவா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சுகமாகுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மாமி சொல்வதில் பாதி சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கழுத்து.

கறுத்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடத் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? கமக்கட்டிலும் அதே கறுப்பு உண்டா? சங்கிலி உரசும் இடத்தில் பாலுண்ணி போலச் சின்னச் சின்னச் சதை தொங்குகிறதா? அப்படியென்றால் அது அழுக்கே இல்லை. அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று நாங்கள் சொல்வது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புக் கூடக் கூட, உடம்பு இன்சுலினுக்கு மசிவது குறைகிறது. கணையமும் விடாமல் இன்னும் இன்னும் சுரக்கிறது. இரத்தத்தில் மிதமிஞ்சி நிற்கும் அந்த இன்சுலின் தோலின் கலங்களைத் தூண்டிப் பெருகவைக்கிறது. தோல் தடித்துக் கறுக்கிறது. இதைத் தும்பு போட்டுத் தேய்த்தால் தோல் புண்பட்டு இன்னும் கறுக்கும். தேசிக்காயை மீன் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடற் திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்ற கணக்கு) 33 அளவில் வருகிறது. ஆசிய உடல்வாகுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை, 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம். ஆகவே கிரீம் தேடுவதற்கு முன் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள். 100 முதல் 125 வரை (mg/dL) என்றால் சலரோகத்தின் வாசல்படி. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

சரி, நடை என்ன செய்கிறது? நடக்கும்போது தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், இரண்டு நாளுக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாக மசிகிறது. தராசு முள் அசைவதற்கு முன்னரே இன்சுலின் இறங்கத் தொடங்குவது இதனால்தான். ஞாயிறு மட்டும் இரண்டு மணித்தியாலம் நடப்பதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பது மேல். கிழமைக்கு 150 நிமிடம் வந்தால் போதும். நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே, உங்களுக்கு 4 முதல் 8 கிலோ, கழுத்து வெளுக்கத் தொடங்கலாம். ஆனால் மாதக்கணக்காகும். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தலைமயிர் கொட்டும், அந்தக் கவலையோடும் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இப்போது மாமியின் பாதி. கடியைத் தருவது நடையல்ல, நடந்தபின் மடிப்புகளில் தங்கிநிற்கும் ஈரம். கடற்கரையில் நடந்துவிட்டு, அதே நனைந்த உள்ளாடையோடு கடைக்குப் போய், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து முடிக்க இரவு எட்டு மணி. அதற்குள் பூஞ்சணத்துக்கு விருந்து முடிந்துவிடும். வந்தவுடன் குளியுங்கள். மடிப்புகளைத் துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஃபானுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்று காயவிடுங்கள். பருத்தி உள்ளாடை போடுங்கள். தொடை உரசுவதற்கு முழங்கால் வரை நீண்ட பருத்திக் காற்சட்டை உதவும், நடக்குமுன் கொஞ்சம் வஸ்லினும் தடவலாம்.

சிவப்பு வட்டமாக, விளிம்பு மட்டும் தடித்துப் படர்ந்தால் படர்தாமரை. மடிப்புக்குள் ஈரச் சிவப்பும் சுற்றிவரச் சிறு புள்ளிகளும் என்றால் கண்டிடா என்ற இன்னொரு பூஞ்சணம். இரண்டுக்கும் குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சண எதிர்ப்புக் கிரீம் கேட்கும். கடி நின்ற அன்றே நிறுத்தாமல் இன்னும் இரண்டு கிழமை பூசுங்கள். ஆனால் பார்மசியில் "கடிக்குது" என்று சொன்னால் சில இடங்களில் எடுத்துத் தரும் ஸ்ரெரொயிட் கலந்த கிரீம் மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் சுகம் போலத் தெரியும், அடியில் பூஞ்சணம் படரும், தொடைத்தோல் மெலிந்து வரி விழும். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன்.

கன்னியாவுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். ஏழு கிணற்றுத் தண்ணீரும் இதமாக இருக்கும். ஆனால் சூட்டுக்குப் பூஞ்சணம் சாகாது, வெந்நீரில் தோல் வறண்டு கடி கூடவும் கூடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே துவாய் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். நான்கு கிழமையில் குறையாவிட்டால், அல்லது சீனி 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், ரிப்போட்டோடு வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.