தரையில் துளை போட்டு ஹீட் பம்ப் வைத்து வீட்டைச் சூடாக்குவது உண்மையிலேயே மிச்சம் பிடிக்குமா?

குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் ஆழமாகத் துளையிட்டு, பூமிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்களாமே, அதில் லாபம் உண்டா, பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லாபம் உண்டு. ஆனால் எல்லோரும் மெஷினை, அதாவது ஹீட் பம்பைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது துளையை. நான் அதில் மாட்டிக்கொண்டு மீண்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. 1974இல் கட்டியது, 140 சதுர மீட்டர். ஸ்வீடனில் இந்த முறைக்கு பெர்க்வார்மெ என்று பெயர், அதாவது பாறைச் சூடு. பெயரைக் கேட்டு எரிமலை, வெந்நீர் ஊற்று என்றெல்லாம் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் நூறு மீட்டர் ஆழத்தில் பாறை சுமார் 8 டிகிரிதான். ஆனால் வெளியே மைனஸ் 15 ஆனாலும் கீழே கிட்டத்தட்ட அதே 8. அதுதான் விஷயமே. துளைக்குள் யூ வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி ஏறுகிறது. அதில் எத்தனால் கலந்த தண்ணீர் ஓடுகிறது, உறையாமல் இருக்க. அது பாறையிலிருந்து மூன்று நான்கு டிகிரி வாங்கிக்கொண்டு மேலே வரும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்தால் சுடுகிறதல்லவா, அதே வேலையைத்தான் மெஷினும் செய்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு 40, 50 டிகிரித் தண்ணீராகக் கொடுக்கிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று நான்கு யூனிட் சூடு.

வீடு வாங்கும்போதே பழைய மெஷின் ஒன்றும் 120 மீட்டர் துளையும் இருந்தன. 2018இல் மெஷின் தேய்ந்துவிட்டதென்று புதிதாக, கொஞ்சம் பெரிதாக ஒன்று போட்டோம். விற்க வந்தவரிடம் துளை போதுமா என்று கேட்டேன். "இத்தனை வருஷம் ஓடியிருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் குளிர்காலம் அருமை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரியில் ஒரு காலை, மெஷின் அறைக்குள் போனால் தரையில் தண்ணீர். துளையிலிருந்து வரும் குழாயில் உறை விலகியிருந்த இடத்தில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. திரையில் உள்வரும் திரவம் மைனஸ் 5 என்று காட்டியது. கம்ப்ரஸர் தானாக நின்றுவிட்டது. வீடு மட்டும் கதகதப்பாக இருந்தது, ஏனென்றால் மெஷினுக்குள் இருக்கும் மின்சாரக் கம்பி சத்தமில்லாமல் வேலைக்கு வந்திருந்தது. அது வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு மாதிரிதான், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடு. அந்த மாத பில்லை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

காரணம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் வீட்டுக்கும் குளிக்கும் வெந்நீருக்கும் சேர்த்து வருடத்துக்கு 24,000 யூனிட் சூடு தேவை. பழைய மெஷின் சுமார் 21,000 கொடுத்தது. அதில் 7,000 கரண்ட், 14,000 பாறையிலிருந்து. மீதி 3,000 ராடு. புதியது முழு 24,000த்தையும் தானே கொடுக்கும், அதுவும் 6,000 யூனிட் கரண்டில். சரி, மிச்சம் 18,000 எங்கிருந்து வரும்? அதே 120 மீட்டர் துளையிலிருந்துதான். நல்ல மெஷின் கரண்டைக் குறைவாகக் குடிக்கிறது என்றால் பாறையை அதிகமாகக் குடிக்கிறது என்றுதான் அர்த்தம். இந்தக் கூட்டல் கழித்தலை விற்பவர் செய்திருக்க வேண்டும், நானும் செய்திருக்கலாம். சுற்றியுள்ள பாறை ஒரே வருடத்தில் குளிர்ந்துவிடுவதில்லை, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால்தான் முதல் குளிர்காலத்தில் எதுவும் தெரியவில்லை. துளைக்குள் தண்ணீர் உறைந்தால் அது விரிந்து குழாயையே நெரித்துவிடும் ஆபத்தும் உண்டு.

தீர்வு, இன்னொரு துளை. நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரண்டு துளைகளுக்கு நடுவே 20 மீட்டராவது விடச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் ஒன்றின் சூட்டை இன்னொன்று திருடும். எங்கள் மனையில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் மேலே பக்கத்தில் ஆரம்பித்து, கீழே போகப் போக விலகும்படி சாய்வாகப் போட்டார்கள்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன், போர்வெல் போடும் ரிக் வண்டிச் சத்தத்திலேயே வளர்ந்தவன். ஸ்வீடனில் வந்த வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதே கம்ப்ரஸர் இரைச்சல், காற்றடித்து இறங்கும் அதே சுத்தியல். நம் ஊரில் ஆறரை இன்ச் துளை, இங்கே 115 மில்லிமீட்டர், நாலரை இன்ச். பாறைத் தூளும் தண்ணீரும் கலந்த சாம்பல் நிறச் சேற்றை மட்டும் தோட்டத்தில் விடாமல் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் கேள்வியே, "ஏப்பா, எத்தன இன்ச்சு தண்ணி?" தண்ணீர் எடுக்க இல்லையப்பா என்றால் அவருக்கு ஏறவே இல்லை. "முன்னூறு அடி போட்டுட்டு தண்ணி வேண்டாமா!"

உண்மையில் தண்ணீர் வேண்டும், எடுப்பதற்காக அல்ல. இங்கே துளையைச் சிமெண்டு கலவையால் நிரப்பாமல் நிலத்தடி நீர் நிரம்பும்படி விடுவதுதான் வழக்கம். பாறையிலிருந்து குழாய்க்குச் சூட்டைக் கடத்துவது அந்தத் தண்ணீர்தான். நீர்மட்டத்துக்கு மேலே காய்ந்து கிடக்கும் பகுதியால் பயன் இல்லை. விலைப்புள்ளியில் 150 மீட்டர் என்று போட்டிருந்தால், அதில் தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். மேலே மண் எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம், பாறை வரும்வரை இரும்புக் குழாய் இறக்க வேண்டும், அதற்கு மீட்டர் கணக்கில் தனிக் காசு. உப்சாலா மாதிரி களிமண் சமவெளியில் இதுவே பட்ஜெட்டை விழுங்கும். ஸ்வீடனின் புவியியல் ஆய்வுத் துறை வைத்திருக்கும் கிணறுகள் பட்டியல் இணையத்தில் இலவசம். பக்கத்து வீட்டுத் துளைகளில் மண் எத்தனை மீட்டர், தண்ணீர் எங்கே என்று பார்த்துவிட்டே பேரம் பேசலாம்.

ரேடியேட்டருக்கு 55 டிகிரி கேட்கும் வீட்டை விட, தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயால் சூடாகும், 35 போதும் என்கிற வீட்டில் லாபம் நிறைய. வருடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் யூனிட் மட்டுமே தேவைப்படும் சின்ன வீடு என்றால் துளைக்குப் போட்ட பணம் திரும்ப வர ரொம்ப காலம் ஆகும். அங்கே காற்றிலிருந்து சூடு எடுக்கும் பம்பே போதும் என்பேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பிப்ரவரி கடைசியில், கம்ப்ரஸர் நன்றாக ஓடும் நேரத்தில், துளையிலிருந்து உள்ளே வரும் திரவம் எத்தனை டிகிரி என்று பார்த்து ஒரு காகிதத்தில் வருடா வருடம் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் துளை போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது துளைக்குப் பிறகு எங்கள் காகிதத்தில் இருப்பது: 2.9, 2.4, 2.2. போன பிப்ரவரியிலும் 2.2.