யோக்யகர்த்தா – சோலோ ரயிலுக்கு முன்பதிவு தேவையா?

கேள்வி: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. மூன்றாம் நாள் பக்கத்து ஊரான சோலோவுக்கு ரயிலில் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு, அங்கிருந்து நேராக விமான நிலையம் போவதாகத் திட்டம். ‘இப்போதே போடாவிட்டால் இடம் கிடைக்காது’ என்று சொல்லி ஏஜென்ட் ஆளுக்கு 1,200 ரூபாய் கேட்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் ஏற வேண்டிய ரயிலில் முன்பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. இல்லாத முன்பதிவு எப்படித் தீர்ந்துபோகும்?

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர்தான். 2021-லிருந்து கம்யூட்டர் லைன் என்ற மின்சார ரயில் ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் கே.ஆர்.எல். என்பார்கள். நம் ஊர் புறநகர் ரயில் மாதிரிதான், ஆனால் ஏ.சி. உண்டு. விடிகாலை முதல் இரவு வரை ஓடும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கட்டணம் 8,000 ரூபியா, நம் பணத்தில் நாற்பது சொச்சம் ரூபாய். பாஸ்போர்ட் காட்ட வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம், இருக்கை எண் கிடையாது.

அப்படியானால் ஏஜென்ட் எதை விற்கிறார்? அதே தண்டவாளத்தில் ஜகார்த்தாவிலிருந்தும் பாண்டுங்கிலிருந்தும் சுரபாயாவுக்குப் போகும் தொலைதூர விரைவு ரயில்கள் இந்த இரண்டு ஊரிலும் நிற்கின்றன. அவற்றில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இருக்கை வாங்கி, அதன்மேல் தன் பங்கையும் ஏற்றித் தருகிறார். டிக்கெட் போலி அல்ல, அதனால் மோசடி என்று யாரும் புகார் கொடுக்கவும் முடியாது. வெளிநாட்டவருக்கு டிக்கெட் விற்கும் பல இணையதளங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ‘யோக்யகர்த்தா – சோலோ’ என்று தேடினால் முன்பதிவு உள்ள ரயில்கள் மட்டும் வரிசையாக வரும். கமிஷன் கிடைக்காத ரயிலை யார் காட்டுவார்கள்? இன்னும் சில தளங்களில் பிரமெக்ஸ் என்ற பழைய டீசல் ரயிலைப் பற்றிய குறிப்பு அப்படியே கிடக்கிறது. அது இப்போது சோலோவுக்கு வருவதில்லை. எதிர்த்திசையில் குத்தோஅர்ஜோவுக்குப் போகிறது. அதற்கு டிக்கெட் வாங்கிவிட்டுத் திகைத்து நிற்காதீர்கள்.

நிலையத்து வாசலில் இன்னொரு வகை ஆட்கள் இருப்பார்கள். ‘ரயில் போய்விட்டது’, ‘இன்று கூட்டம், பெரியவர்களோடு ஏற முடியாது’, ‘ரயிலில் போனால் பிரம்பானான் கோயிலைப் பார்க்க முடியாது’ என்று கார் பேசுவார்கள். முதல் இரண்டையும் உள்ளே போய் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது சுத்தப் பொய். வழியிலேயே பிரம்பானான் என்று ஒரு நிலையம் இருக்கிறது, இறங்கி ஒரு சின்ன வாடகைச் சவாரியில் கோயிலுக்குப் போய்விடலாம். வெளியே வந்து மறுபடி ஏறினால் இன்னொரு 8,000, அவ்வளவுதான். ஆனால் பெட்டி படுக்கையோடு அங்கே இறங்காதீர்கள். கோயிலுக்கு இரண்டாம் நாளே, கையை வீசிக்கொண்டு போய் வந்துவிடுங்கள்.

சரி, காசை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் எனக்கே எரிச்சல் வரும். நாற்பது ரூபாய்ப் பயணத்துக்கு ஒரு காகித டிக்கெட்டை நீட்டினால் முடிந்தது. அது கிடையாது. ஒன்று, ரயில்வே விற்கும் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் இந்தோனேசிய வங்கிகளின் மின்பண அட்டை வேண்டும். மந்திரி என்ற வங்கிக்கு ஒன்று, பி.சி.ஏ. வங்கிக்கு ஃப்ளாஸ், பி.ஆர்.ஐ. வங்கிக்கு பிரிசி என்று ஆளுக்கொரு பெயர். ஆப் வழியாக க்யூஆர் காட்டியும் போகலாம், உள்ளூர் போன் எண்ணும் மின்பணப்பையும் இல்லாத சுற்றுலாப் பயணிக்கு அது தலைவலி. நம் ஊர் வங்கி அட்டையை நம்பி வாசலில் போய் நிற்காதீர்கள். இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் என்று தெருவுக்குத் தெரு சிறு கடைகள் இருக்கும். முதல் நாளே அங்கே அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி ஐந்து பேரும் உள்ளே போக முடியாது, மகளுக்கும் தனி அட்டைதான்.

பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று புரிகிறது. யோக்யகர்த்தா முதன்மை நிலையத்திலேயே ஏறுங்கள். துகு என்றும் அதையே சொல்வார்கள். ரயில் அங்கேதான் புறப்படுகிறது. அடுத்து வரும் லெம்புயாங்கானில் ஏறினால் இருக்கைகள் நிரம்பியிருக்கும். முதியோருக்குத் தனி இருக்கைகள் உண்டு, கேட்டால் எழுந்து கொடுப்பார்கள். சனி ஞாயிறு வேண்டாம், அலுவலக நேரம் வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போனால் நிம்மதி. ரமலான் பெருநாளை ஒட்டிய நாட்களாக இருந்தால் பயணத் தேதியையே மாற்றுங்கள். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்பதால், அம்மாவுக்கு மாத்திரைக்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டியிருந்தால் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சோலோவில் புர்வோசாரி முதலில் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள். அதற்கடுத்த பாலாபான்தான் பெரிய நிலையம்.

நீங்கள் கேட்காத இடத்தில்தான் எனக்குப் பயம். சோலோவிலிருந்து ‘நேராக விமான நிலையம்’ என்கிறீர்கள். எந்த விமான நிலையம்? சோலோவுக்கு அடிசுமார்மோ என்று சொந்த விமான நிலையம் உண்டு. யோக்யகர்த்தாவுக்கு ஊரை ஒட்டி அடிசுசிப்தோ என்ற பழைய நிலையம் உண்டு, அதன் வாசலிலேயே மகுவோ ரயில் நிலையம். உங்கள் கோலாலம்பூர் விமானம் இரண்டிலும் வராது. அது புறப்படுவது குலோன் ப்ரோகோவில் உள்ள புதிய நிலையத்திலிருந்து, டிக்கெட்டில் ஒய்.ஐ.ஏ. என்று இருக்கும். அது யோக்யகர்த்தாவுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். சோலோ இருப்பது கிழக்கே. அதாவது ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும்.

இதற்குக் கம்யூட்டர் லைனில் யோக்யகர்த்தா வந்து, விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும். அது வேறு வண்டி, வேறு டிக்கெட். குறிப்பிட்ட நேர வண்டிக்கு என்று வாங்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபியாவில் தொடங்கும், சுமார் 40 நிமிடம். முந்தைய ரயில் தாமதமானால் அடுத்த வண்டி உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரே ரயில்வே குடும்பம்தான், ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டையும் இணைத்துக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. இடையில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும் என்றால், சோலோவை விட்டு ஆறு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும்.

காலை பத்தரை, பதினோரு மணிக்குள் கிளம்பும் விமானமாக இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். ரயிலை விட்டுவிட்டுக் கார் பேசச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான். அதையும் முதல் நாளே தங்கும் விடுதியில் பேசி, சுங்கக் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் சேர்த்த மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது, பெரியவர்கள் இருப்பதால் நான் சொல்வது இதுதான்: சோலோவில் ஓர் இரவைக் குறைத்து, கடைசி இரவை யோக்யகர்த்தா நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் ஒரு வண்டி, ஒரு டிக்கெட்.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் ரயிலின் பெயரை மட்டும் கேளுங்கள். கம்யூட்டர் லைன் என்றால், அதில் அவர் விற்க இருக்கையே இல்லை. வேறு பெயர் சொன்னால், அது உங்களுக்குத் தேவையில்லாத ரயில்.