ஈஸ்டர் ஃப்ளாட்டுக்கு இன்றே முழுப் பணமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். பிள்ளைகளில் மூத்தவனுக்கு 4 வயது, சின்னவளுக்கு 18 மாதம். ஈஸ்டருக்கு வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் லீவு. ஆயாவும் எங்களோடு வருகிறார். கடற்கரை ஊரான மார்கேட்டில் கடலைப் பார்த்த ஃப்ளாட் மூன்று இரவுக்குக் காலியாக இருக்கிறது என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் சொல்கிறார். முழுத் தொகையையும் இன்று மாலைக்குள் போட்டால்தான் பிடித்து வைப்பாராம். போடலாமா? அது சரிவராவிட்டால் ஒருநாள் ஹ்லுஹ்லுவே வனவிலங்குக் காப்பகம் போய்ப் பிள்ளைகளுக்குச் சிங்கம் காட்டலாம் என்கிறார் என் மச்சான். எது நல்லது?

பதில்: போடாதீர்கள். வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈஸ்டரும் டிசம்பரும் வந்தால் இல்லாத ஃப்ளாட்டை வாடகைக்கு விடுகிற கூட்டம் கிளம்பிவிடும். வேறொருவர் விளம்பரத்திலிருந்து படங்களை எடுத்துப் போடுவார்கள். வாடகை அக்கம்பக்கத்தை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மிகவும் குறைத்தால் சந்தேகம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ‘இன்னொரு குடும்பம் கேட்கிறது’ என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் சாவி வாங்க 130 கிலோமீட்டர் ஓட்டிப்போய் நிற்கும்போது அந்த ஃபோன் அணைந்திருக்கும். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் பசியோடு அழுதுகொண்டிருப்பார்கள்.

சரிபார்க்க அரைமணி நேரம் போதும். முதலில் கட்டடத்தின் பெயரையும் ஃப்ளாட் எண்ணையும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். சொன்னால், அந்தக் கட்டடத்தின் மேற்பார்வையாளர் அல்லது நிர்வாக அலுவலகத்தின் ஃபோன் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். விளம்பரக்காரர் கொடுக்கிற எண் வேண்டாம். அதை எடுப்பது அவருடைய கூட்டாளியாக இருக்கும். ‘இந்த எண் ஃப்ளாட்டை விடுமுறைக்கு விடுவது யார்?’ என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும். அடுத்து, வீடியோ அழைப்பில் பால்கனிக் கதவைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த வீடியோவை ஏற்காதீர்கள். கடைசியாக, பணம் போடும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல வங்கிகளின் ஆப்பிலேயே கணக்கு எண்ணும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கலாம். செல்ஃபோன் எண்ணுக்குப் பணம் அனுப்பி ஏடிஎம்மில் எடுத்துக்கொள்கிற வழியைக் கேட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வங்கி மாற்றலாகப் போன பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திரும்பாது. வங்கி போலீஸுக்கு அனுப்பும், போலீஸ் கேஸ் நம்பர் எழுதிக் கொடுக்கும். அந்த நம்பரை வைத்துக்கொண்டு நீங்கள் திரும்ப வங்கியில் வரிசையில் நிற்பீர்கள். ஏமாற்றியவன் கணக்கைக் காலி செய்ய ஐந்து நிமிடம் போதும், ஏமாந்தவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஐந்து வாரம் ஆகிறது. மக்களை இப்படி அலையவிடுகிற ஏற்பாட்டை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆகவே முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அதில் தகராறு எழுப்ப ஒரு வழியாவது உண்டு.

இணையத்தில் புக் செய்ததை ஏழு நாளுக்குள் ரத்து செய்தால் பணம் முழுதும் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் அந்த ஏழு நாள் இருப்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடம், பயணம், பொழுதுபோக்கு டிக்கெட் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது.

உங்களுக்கு உதவுவது 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வாடகைக்கு விடுபவர் நியாயமான முன்பணம் கேட்கலாம், ரத்துக்கு நியாயமான கட்டணமும் பிடிக்கலாம். எத்தனை நாள் முன்னால் சொன்னீர்கள், அந்த இடத்துக்கு வேறு ஆள் பிடிக்க வழி இருந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் எது நியாயம் என்று பார்க்க வேண்டும். ‘எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதில் எழுதிவிட்டதால் மட்டும் அது சட்டமாகிவிடாது.

சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அதே பிரிவில் இன்னொன்று முக்கியம், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புக் செய்தவரோ, யாருக்காகப் புக் செய்யப்பட்டதோ அவரோ இறந்துபோனால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. ‘யாருக்காக’ என்ற இடத்தைக் கவனியுங்கள். உங்கள் 18 மாதப் பிள்ளைக்காகவும்தான் அந்த ஃப்ளாட்டை எடுக்கிறீர்கள். ஆனால் முன்பதிவில் ‘2 பெரியவர்கள்’ என்று மட்டும் இருந்தால், பிள்ளை வார்டில் படுத்திருக்கும்போது நீங்கள் வாதாடிக்கொண்டிருக்க வேண்டி வரும். எனவே ஆயா, பிள்ளைகள் உட்பட ஐந்து பேர் பெயரையும் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். ராத்திரி கேஷுவல்டியில் நெபுலைசர் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அதைச் சேர்க்கை என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே காய்ச்சலோடு கிடந்தாலும் அப்படித்தான். உங்களோடு வராத மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் இந்த விலக்கு கிடைக்காது. அப்போது நியாயமான கட்டணம் என்ற வாதம்தான் மிச்சம். சேர்த்தால், சேர்த்த தேதி போட்ட தாளை அன்றே படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

மால்களில் ‘வாரயிறுதி பரிசு விழுந்திருக்கிறது’ என்று கூப்பிட்டு உட்கார வைக்கிற விடுமுறைக் கிளப் ஆட்களிடமும் கவனம் தேவை. பரிசை வாங்க இரண்டு மணி நேரம் பேச்சு கேட்க வேண்டும், பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும் தப்பித்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பல வருடத்துக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். இப்படி அவர்களாகத் தேடி வந்து விற்றதை ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். ஃபோனில் சொன்னால் போதாது.

இனி ஹ்லுஹ்லுவே. சாட்ஸ்வர்த்திலிருந்து போக மூன்று மணி, வர மூன்று மணி. உள்ளே குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. நாப்பி மாற்றுவதும் கார் சீட்டில்தான். சிங்கம் கண்ணில் படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, பட்டாலும் புல்லுக்குள் தெரிகிற ஒரு காதை 18 மாதப் பிள்ளை பார்க்கப் போவதில்லை. அதோடு நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே, மொசாம்பிக் எல்லைப் பக்கம் மலேரியாக் காலம் செப்டம்பர் முதல் மே வரை. ஹ்லுஹ்லுவேயில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஈஸ்டர் அதற்குள்தான் வருகிறது. 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மலேரியா வந்தால் மிக வேகமாக முற்றும். சின்னவளுக்கு 6 வயது ஆகட்டும், குளிர்காலத்தில் போங்கள்.

காரில் எங்கே போனாலும், 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கார் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். ஆயா மடி கார் சீட் ஆகாது. சீட்டைக் கட்டிய பின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் சரியாகக் கட்டவில்லை என்று பொருள்.

அப்படியானால் நான்கு நாளை என்ன செய்வது? இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், பகல் 12 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மத்தியானத் தூக்கம் கெட்டால் சாயங்காலம் முழுதும் கெட்டது.

வெள்ளியன்று மாரியம்மன் திருவிழா, எனவே பெரும்பாலும் கோயில்தான். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிராம் வேண்டாம், கூட்டத்தில் சின்னவளைத் துணியால் உடம்போடு கட்டித் தூக்குவதே வசதி.

சனிக்கிழமை டர்பன் தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கியது, நுழைவு இலவசம். பிராம் ஓட்டத் தோதான பாதை, குளம், பறவைகள், ஆயா உட்கார நிழல் எல்லாம் உண்டு. உலகத்திலேயே ஆண் மரம் மட்டுமே மிஞ்சியிருக்கிற ஒரு வகை சைக்கட் (பனை போலத் தெரிகிற பழமையான தாவரம்) அங்கே நிற்கிறது. பிள்ளைகளுக்கு அது எதற்கு, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். விளையாட்டுத் திடல்தான் முக்கியம் என்று மூத்தவன் அடம் பிடித்தால் மிட்செல் பார்க். அங்கே பெரிய ஆமைகளும் உண்டு.

ஞாயிறு கடற்கரை, காலை 7 முதல் 9:30 வரை. நகரக் கடற்கரையோரம் பிள்ளைகளுக்கென்று கட்டிய ஆழமில்லாத குளங்கள் இருக்கின்றன, சின்னவளுக்கு அவை போதும். கடலில் இறங்கினால் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும், முழங்கால் தண்ணீர் வரை, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர். ஊதாக் கொடி பறந்தால் ப்ளூபாட்டில் என்கிற, ஜெல்லிமீன் போலக் கொட்டும் உயிரி வந்திருக்கிறது என்று அர்த்தம், மணலோடு விளையாடிவிட்டுத் திரும்புங்கள். கனமழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை ஆற்று முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். சாக்கடைத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது. எந்தக் கடற்கரை மூடியிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ளும்படி அறிவிக்க இந்த நகரம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கையில் உங்கள் செல் நம்பரைப் பேனாவால் எழுதி, மேலே பிளாஸ்டர் ஒட்டுங்கள். பெயரை எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை யாரோடும் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பிரியாணிச் சட்டியைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள். வெந்த சோறு சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதில் கிருமி வளர்ந்து விஷம் உண்டாகும், மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி பெரியவருக்கு மூன்று, மூத்தவனுக்கு ஒன்றரை, சின்னவளுக்கு வாழைப்பழமும் காரமில்லாத ரொட்டியும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்தால் கூலர் பாக்ஸுக்கு ஐஸ் வாங்க வேண்டாம், உருக உருக அதையே குடிக்கலாம். அதற்கு மேல் இன்னும் இரண்டு லிட்டர் சாதாரணத் தண்ணீர்.

திங்களன்று எங்கும் போகாதீர்கள். ஊர் முழுக்கத் திரும்பி வருகிற நாள் அது. முற்றத்தில் ஒரு பெரிய வாளியில் தண்ணீரும் நான்கு பிளாஸ்டிக் கப்பும் போதும், பக்கத்தில் ஒருவர் மட்டும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரும் 18 மாதப் பிள்ளைக்கு ஆபத்துதான்.