படுத்துவிட்ட நாய்

அன்புள்ள ஐயா,

மதுரையில் நாகமலை அடிவாரத்தில் வசிக்கிறேன். காலையில் மண்பாதைகளில் ஓடுவது வழக்கம். துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினேன். இப்போது பத்து மாதம். "வேட்டை நாய், எவ்வளவு தூரமானாலும் ஓடும்" என்று கொடுத்தவர் சொன்னார். சென்ற ஞாயிறு எட்டாவது கிலோமீட்டரில் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டது. கூப்பிட்டும் எழவில்லை; தூக்கிக்கொண்டுதான் வந்தேன். மறுநாள் நான் ஷூவை எடுத்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது! இதைப் போகப்போகப் பழக்கிவிடலாமா, இல்லை தனியாகவே ஓடட்டுமா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

பத்து மாதக் குட்டிக்கு எட்டு கிலோமீட்டர் மிக அதிகம். முதலில் அதை நிறுத்துங்கள். இந்த அளவு நாய்களுக்குக் கால் எலும்புகளின் வளர்ச்சிப் பகுதி மூடி இறுகவே பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் ஆகும். அதற்குள் கெட்டித் தரையில் நெடுந்தூரம் ஓடவைத்தால் மூட்டு கெடும். அந்தக் கேடு வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம்.

கொடுத்தவர் சொன்னது பாதி உண்மை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். முயலைக் கண்டதும் பாய்ந்து, ஓரிரு நிமிடத்தில் பிடித்தோ விட்டோ முடித்துக்கொள்ளும் ஓட்டம் அதனுடையது. ஆழ்ந்த நெஞ்சும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் அந்தப் பாய்ச்சலுக்காக அமைந்தவை. நிதானமாக நெடுந்தூரம் ஓட அதைப் பழக்க முடியும். ஆனால் அது நாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை.

மறுநாள் வாசலில் நின்றதை நீங்கள் வியப்போடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலை தந்தது. நேற்று விழுந்ததை நினைத்து இன்று வேண்டாம் என்று சொல்ல நாய்க்குத் தெரியாது. நீங்கள் போனால் அதுவும் வரும். நிற்க வேண்டிய இடத்தை அதற்காக நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது தானாகப் படுக்கும்வரை காத்திருப்பது மிகவும் தாமதம்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. ஓடும்போதே உடல் குளிர்கிறது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலம்தான் அது பெரும்பாலான சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மதுரைச் சித்திரையில் விடியற்காலைகூடப் பல நாள் போதுமான குளிர்ச்சி தருவதில்லை.

2016-ல் சீனாவின் தியான்ஷான் பகுதியில் நடந்த 250 கிலோமீட்டர் ஓட்டத்தில், டியான் லெனார்ட் என்ற ஓட்டக்காரரோடு ஒரு தெருநாய் ஒட்டிக்கொண்டது. கோபி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சின்ன நாய் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதை உலகமே பேசியது. வெயில் கொளுத்திய கட்டங்களில் அதை ஓடவிடாமல் வண்டியில் அனுப்பினார்கள் என்பதைப் பேசியவர்கள் குறைவு. அந்தக் கதையில் நான் போற்றுவது அந்த முடிவைத்தான்.

களைப்பைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நம் இடுப்பிலிருந்து நாய்க்குப் போகும் கயிறு முதலில் விறைப்பாக இருக்கும். பிறகு தொய்யும். முன்னால் போன நாய் பக்கத்துக்கு வரும், அப்புறம் பின்னால். நாக்கு நுனி அகன்று கரண்டிபோல் வளையும். நிழலைக் கண்டால் பாதை மாறி அங்கே போகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் ஓட்டத்தை நடையாக்குங்கள். ஈறு செங்கல் நிறமாகிவிட்டாலோ கால் தள்ளாடினாலோ அங்கேயே வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே அடைபடும். உடல் குளிரத் தொடங்கியதும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

முள்ளைப் பற்றி நாகமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நெருஞ்சி பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே, மயிருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாய் ஓட்டத்தை விடாமல் மூன்று காலில் தொடரும், நமக்குச் சட்டென்று புலப்படாது. வீட்டுக்கு வந்ததும் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். உண்ணி இருக்கும் இடமும் அதுதான், காது மடலுக்குள்ளும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் கூட. உண்ணிக் காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வரும் அளவுக்குப் போன நாய்களைக் கண்டிருக்கிறேன்.

ஆட்டுக்கிடை தெரிந்தால் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். மேய்ப்பவருக்கு அது பிழைப்பு. அரிட்டாபட்டி போன்ற பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களுக்கும் காப்புக்காட்டுக்கும் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றலாம்: 2018-ல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் சிலவற்றிடம் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் முயலையும் கௌதாரியையும் கலைக்கத்தான் செய்யும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தனியாக ஓடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்மாய்க் கரையில் நாயோடு ஓடியவருக்குத் தெரியும். திடீரென்று அது நிற்கும், இரண்டு காதும் எழும். நாமும் நின்று பார்த்தால் பத்தடி முன்னால் பாதையைக் கடந்துகொண்டிருக்கும் சாரை. தனியாக ஓடியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்தபடி அதன்மேல் கால் வைத்திருப்போம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் நெடுந்தூர ஓட்டத்தைத் தனியாக முடித்துவிட்டு வந்து, குட்டியை அரை மணி நேரம் அதன் போக்கில் நடக்க விடுங்கள், மோந்து பார்க்க விடுங்கள். ஒன்றரை வயதானதும் மருத்துவரிடம் மூட்டைக் காட்டிவிட்டு, கார்த்திகை, மார்கழியில் ஒரு கிலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, அதனால் சாப்பாடு ஓடி முடித்து, இளைப்பு அடங்கிய பிறகுதான். தண்ணீரை மட்டும் வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.