கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்காமல் வாழும் தைரியம் உங்களுக்கு எப்படி வந்தது?

மெஸ்ஸில் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடக்கூட கூச்சமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியூர் விடுதி, முதல் வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்குத் தைரியமெல்லாம் வரவில்லை. மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சொந்த ஊர் பொறையாறு. லுத்தரன் குடும்பம், அம்மா டீச்சர். மயிலாடுதுறை பக்கம் ஒரு நெல் மண்டியில் 11 வருஷம் கணக்கெழுதினேன். ஞானஸ்நானப் பெயர் ஸ்தேவான் செல்வம். முன்பாதியை இனிஷியல் ஆக்கிவிட்டு வெறும் செல்வமாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் முதலாளி சாம்பிராணி போட்டு விபூதித் தட்டை நீட்டுவார். பூசிக்கொள்வேன். பஸ் ஏறியதும் துண்டால் துடைத்துவிடுவேன். (விபூதியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பயந்து பூசி, பயந்து துடைத்த என் லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.)

தை மாதம், சம்பா அறுவடை. ஆக்கூர் பக்கத்து ஆயா ஒருவர் 38 மூட்டை கொண்டுவந்தார். அந்த மண்டியில் சாக்கு போக 62 கிலோவுக்கு மேல் பிடித்துவிட்டு 60 என்றுதான் எழுதுவோம். ஆயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பொறையாத்து டீச்சரம்மா மவன்தானே? வேதக்காரப் புள்ள. எடய நீயே பாத்துச் சொல்லு தம்பி, எனக்கு அது போதும்" என்றார். சத்தமாக. கல்லாவில் முதலாளி நிமிர்ந்தார்.

தராசில் சிவப்பு எழுத்தில் 62.400. பேனா முனை சீட்டில் நின்றுவிட்டது. 62.400 என்றே எழுதினேன். கடைசி மூட்டைவரை அப்படித்தான். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மூட்டை நெல் வித்தியாசம்.

முதலாளி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னைத் தராசிலிருந்து எடுத்துச் சாக்கு எண்ணப் போட்டார். வெள்ளிக்கிழமை தட்டை என் பக்கம் நீட்டாமல், "சர்க்கரைப் பொங்கலாவது சாப்புடுவியாய்யா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். நல்ல நெய்.

பிரச்சினை வந்தது சபையிலிருந்துதான். பிரசாதம் தின்றவன் என்று ஒரு வருஷம் ஜாடையாகப் பேசினார்கள். எடைச் சீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை இரண்டே வருஷத்தில் அங்கிருந்த டான்ஸ்பர்க் கோட்டையில் அடைத்துவைத்தாரே டேனிஷ் கவர்னர், அவரும் கிறிஸ்தவர்தான். நாலு மாதம் உள்ளே இருந்த மனுஷர், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். என்னை அவரோடு ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள்!

தரங்கம்பாடி என்றதும் ஞாபகம் வருகிறது. மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு வழியாக அங்கே ரயில் ஓடியது. 80களில் நிறுத்தியதோடு சரி. காவிரிக்கு அணை கட்டிய காலம் முதல், பாசனம் முடிகிற கோடியில் இருக்கும் கடைமடைக்காரனுக்கு எதுவும் கடைசியில்தான், தண்ணீரானாலும் தண்டவாளமானாலும். ஞாயிறு ஆராதனைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், முதல் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே நுழைவேன். அதற்கும் ஜாடைப் பேச்சு உண்டு.

சரி, உங்கள் விஷயம். கண்ணை மூடி அரை நிமிடம் ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவன் இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் உங்கள் தட்டிலிருந்து அப்பளம் எடுப்பான். ஆனால் வேதக்காரன் என்று தெரிந்த பிறகு நீங்கள் பரீட்சையில் பிட் அடித்தால் அதையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். எனக்கு உள்ளூர இருந்த பயம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த தையில் அந்த ஆயா திரும்ப வந்தார். தராசில் வேறு பையன். ஆயா இடுப்பில் கைவைத்துக் குனிந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தச் சிவப்பு எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.