வல்லாரைச் சாறும் எலியின் காயமும்

கேள்வி: நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். 58 வயதான என் கணவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் உள்ளது. கால் பெருவிரலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. வல்லாரைச் சத்தைக் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகள் சாகவில்லை, அவற்றின் காயமும் சீக்கிரம் ஆறியது என்று ஓர் ஆய்வை உறவினர் அனுப்பினார். அதை நம்பி, வீட்டருகே பறித்த இலையை அரைத்துப் புண்ணில் வைத்து, சாற்றையும் இரு வேளை குடித்து வருகிறார். தொடரலாமா?

பதில்: அம்மா, புண்ணில் பச்சிலை வைப்பதையும் சாறு குடிப்பதையும் இன்றே நிறுத்திவிட்டு, கணவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

உறவினர் அனுப்பிய செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைடு என்னும் பொருள் புதுத் திசு வளரத் துணைபுரிவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எலி 'சாகவில்லை' என்பதன் பொருள் குறுகியது. இத்தகைய நச்சுச் சோதனையில் பெரிய அளவு மருந்தை ஒரே முறை புகட்டி, பொதுவாக 14 நாள்கள் மட்டுமே கவனிப்பார்கள். மாதக்கணக்கில் குடித்தால் மெல்ல வரும் பாதிப்பு அதில் தெரியாது. நம் சித்த மருந்துகளில் இடம்பெறும் ஈஸ்வரமூலியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை, 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகத்தை அப்படித்தான் பழுதாக்கியது. வல்லாரை அவ்வளவு கொடியதன்று. எனினும் அதை மாத்திரையாகச் சில வாரங்கள் உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

அளவையும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தால், உடற்பரப்பைக் கணக்கிட்டு அதை 6.2ஆல் வகுக்கும்போது, 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 4.8 கிராம் வருகிறது. அதுவும் பெரும்பாலும் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த சத்தின் எடை. உங்கள் வீட்டு மிக்சியில் அரைத்த சாற்றுக்கு அது பொருந்தாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, புண் ஆறும் விதம். எலியின் தோலுக்கடியில் உள்ள மெல்லிய தசைப்படலம், சுருக்குப்பையின் வாயைப்போலக் காயத்தை இழுத்து மூடிவிடுகிறது. நமக்கோ அடியிலிருந்து புதுச்சதை நிரம்பி, அதன்மேல் தோல் படர வேண்டும். மேலும் அது இளம் எலியின் முதுகில் சுத்தமான கத்தியால் வெட்டிய காயம். பன்னிரண்டு ஆண்டு இனிப்பு நீரில் நரம்பு மரத்து, இரத்த ஓட்டமும் குறைந்திருக்கக்கூடிய காலுக்கு அது ஈடாகாது.

ஈர மண்ணில் படரும் இலையைத் திறந்த புண்ணில் வைப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மெலியோய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றுநோயை உண்டாக்கும் கிருமி நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களை அது அதிகமாகவும் கடுமையாகவும் தாக்குகிறது.

புண்ணில் கருமை, துர்நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கிளினிக்கைத் தவிர்த்து நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வலியில்லை என்று அவர் சொல்வதை வைத்துத் தாமதிக்க வேண்டாம். மரத்த காலில் வலி தெரியாது. சாறு குடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறினால், கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையையும் அவர் செய்யச் சொல்வார். உணவோடு எப்போதாவது நன்கு கழுவிய வல்லாரையைத் துவையலாக உண்பதற்கு, அந்தப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால், தடையில்லை.